மருமகளின் நோயாளிகளுக்கு நான் எடுத்த பாடம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லும் இப்போது நலம். தாங்களும் சம்பந்தியம்மாள் அவர்களும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குறிப்பாகப் பல்லில். நலம் விசாரிக்கிற இடத்தில் பல்லைத் தனியாகப் பிரித்து விசாரிப்பது உங்களுக்கு விநோதமாகப் படலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விளங்கிவிடும்.

நம் பெண் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். "நம்ம ஊர்ப் பல் ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வேலை இருக்குப்பா" என்று மட்டும் உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி நான். அதை அவள் வாயிலிருந்து நீங்கள் வரவழைக்க முடியாது. மாமனாரைப் பற்றிப் பிறந்த வீட்டில் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லத் தெரியாத பெண்ணாக அவளை வளர்த்துவிட்டீர்கள். ஆகவே நானே எழுதுகிறேன். அவளுடைய உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்கி, அவள் பேராசிரியருக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்து, உங்கள் ஊருக்கு அனுப்பியவன் நான்தான்.

பல் மருத்துவ மேற்படிப்புக்காக அவள் செய்கிற ஆய்வு என்ன என்று அவளே சொல்லியிருப்பாள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். நான் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பல்லை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிகிற வெள்ளை, சுவர். சுவருக்குள்ளே ஓர் அறை. அந்த அறையில் ஒரு வாடகைக்காரர் குடியிருக்கிறார். அவர்தான் பற்கூழ், நரம்பும் இரத்தக் குழாயுமாக மெத்தென்று இருப்பவர். அவருக்குத் தண்ணீரும் மின்சாரமும் வருகிற வழிதான் வேர். சுவரில் சொத்தை விழுந்து ஓதம் இறங்கினால் வாடகைக்காரர் முதலில் முனகுவார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று ஒரு குரல், உடனே அடங்கிவிடும். நாம் கவனிக்காவிட்டால் கத்துவார். தண்ணீரை விழுங்கி வெகு நேரம் ஆன பிறகும் கத்துவார், படுத்தால் இன்னும் உரக்கக் கத்துவார். அதற்கும் நாம் அசையாவிட்டால் ஒரு நாள் சத்தமே நின்றுபோகும். "அப்பாடா, வலி போச்சு" என்று நாம் கொண்டாடுவோம். போனது வலி இல்லை சம்பந்தி, வாடகைக்காரர். அதன் பிறகு கெட்டுப்போனது வேர் வழியாக இறங்கி எலும்பில் சீழ் வைக்கும், கடித்தால் வலிக்கும், தட்டினால் வலிக்கும், ஈறில் கொப்புளம் கிளம்பும். பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருடைய வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறிவதுதான் நம் பெண்ணின் ஆய்வு. இந்த வாடகைக்காரர் எடுத்துக்காட்டு நன்றாக இருக்கிறது அல்லவா? எல்லா வினையும் அது நன்றாக இருந்ததால்தான் வந்தது.

எனக்கே இந்த விவரமெல்லாம் என் பல் வலித்தபோதுதான் தெரிந்தது. நம் பெண்ணே எனக்கு வேர் சிகிச்சை செய்தாள். ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை என்று பல தடவை வரச் சொன்னாள். போனேன். சிகிச்சை முடிந்தது. ஆனால் போவது நிற்கவில்லை. அவளுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுபோகிறேன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு தினமும் காலையிலேயே கிளம்பிவிடுவேன். "மத்தியானச் சாப்பாட்டுக்கு விடிஞ்சதும் கிளம்புறீங்களே, நடந்தே அடுத்த ஊருக்கா போறீங்க?" என்பாள் என் மனைவி. உண்மை என்னவென்றால், அந்தக் காத்திருக்கும் கூடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்றோடொன்று திருகி இணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாக. டோக்கன் கொடுப்பவரை மட்டுமே பார்த்துச் சுழலும் ஒரு மின்விசிறி. கையும் காலும் முளைத்த ஒரு பல், பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். அதற்குக் கீழே சிரிக்க முடியாத மனிதர்கள், கன்னத்தில் கை வைத்து, உள்ளேயிருந்து வரும் கருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்குத் தேர்வு அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளின் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு நாள் நம் பெண் சாப்பிடும்போது அலுத்துக்கொண்டாள். "ஒருத்தரும் சரியாப் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க மாமா. ஐஸ் தண்ணி குடிச்சா வலி எவ்வளவு நேரம் இருக்கும்னு கேட்டா, எனக்குச் சளி பிடிக்கும், நான் அதெல்லாம் குடிக்கிறதே இல்லைங்கிறார். எந்தப் பல்லுன்னு கேட்டா, அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன், என்னையே கேட்டா எப்படிங்கிறார்."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதில் நோயாளிகளின் குற்றம் என்ன? பாடமே நடத்தாமல் கேள்வி கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? இப்படித்தான் என் புத்தி போயிற்று. மறுநாள் பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி ஓட்டுநரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். வாடகைக்காரர் கதையைச் சொன்னேன். அவர், "அட, என் பல்லுல இருக்கிற ஆளு இப்ப ரெண்டாவது கட்டத்துல இருக்கார் சார்" என்றார். இவ்வளவு தெளிவான பதிலை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. முன் வரிசையில் இருந்தவர் திரும்பினார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன். அதற்குள் பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். முன் இருக்கைக்கு ஆள் போட்டி போட்டு வருவதை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்க்கிறேன் சம்பந்தி!

பிறகு நான் நிற்கவில்லை. பழைய நாள்காட்டி அட்டையின் பின்புறத்தில் பல்லைக் குறுக்காக வெட்டினாற்போல் வரைந்து வண்ணம் தீட்டி எடுத்துப்போனேன். "பள்ளிக்கூடம் உங்களை விட்டுடுச்சு, நீங்கதான் அதை விட மாட்டேங்கிறீங்க" என்றாள் என் மனைவி. உள்ளே என்னென்ன கேட்பார்கள் என்று நானே வரிசையாகக் கேட்டு, சரியான பதில் வரும் வரை பொறுமையாகத் திருத்தினேன். யாராவது "தெரியல சார்" என்றால் விடமாட்டேன். "நல்லா யோசிங்க, தெரியலன்னு ஒரு பதில் கிடையாது" என்பேன். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார்கள், வலித்தால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி, கை தூக்கவும் பழக்கினேன். தாமதமாக வந்தவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் பாடம் சொன்னார்கள். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள மட்டும் வந்தவர்கள்கூட ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள்.

நம் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை. செய்த உதவியை நாமே சொல்லிக்காட்டுவது அழகல்ல என்று இருந்துவிட்டேன். அவள் முகம் நாளுக்கு நாள் மலர்ந்துகொண்டே வந்தது. "மாமா, நிலவரம் பயமா இருக்கு. மொதல்ல வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் கூழு, வேரு கெட்டிருந்துச்சு. இப்ப வர்றவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல! அதுவும் எவ்வளவு அழகா விவரம் சொல்றாங்க தெரியுமா? படிச்சவங்க, படிக்காதவங்கன்னு வித்தியாசமே இல்ல. எங்க பேராசிரியர் மேடம் இதை டாக்டர்கள் மாநாட்டுல படிக்கச் சொல்லியிருக்காங்க!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம், சில பேர் வாடகைக்காரர் கத்துறார்னு புலம்புறாங்க. வீட்டுலயும் ஏதோ பிரச்சினை போல" என்றாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்து சிரித்துக்கொண்டேன். ஊரில் நோய் பெருகுகிறது என்று அவள் வருந்திக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் தேர்ச்சி கூடுகிறது என்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

வினை ஒரு கண்டக்டர் உருவத்தில் வந்தது. பேருந்து ஓட்டத்தையெல்லாம் முடித்து ஓய்வில் இருப்பவர், மேலும் கீழும் முழுக்கப் பல் செட்டு. செட்டு ஈறில் உரசுகிறது என்று சரிசெய்ய வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. செட்டு அவ்வளவு இயற்கையாக இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், நான் சொன்னதையெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நடந்ததைக் கருவிகளைக் கழுவி அடுக்குகிற அம்மாள் பிறகு எனக்குச் சொன்னார். கண்டக்டர் போய் உட்கார்ந்ததும், நம் பெண் கேட்பதற்கு முன்னாலேயே, "குளிர்ச்சி பட்டா சுருக்குங்கும் டாக்டர். தண்ணிய முழுங்கின பிறகும் வலி நிக்கும். படுத்தா இன்னும் ஜாஸ்தி" என்று ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறார். "எந்தப் பல்லுங்க?" என்றதற்கு, "இடது பக்கம், கீழ, கடைவாய்" என்றாராம். அது என் பல், சம்பந்தி! எடுத்துக்காட்டுக்கு நான் என் பல்லைத்தான் சொல்லுவேன். "வாயைத் திறங்க, பார்ப்போம்" என்று நம் பெண் சொல்ல, அவர் இரண்டு செட்டையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவளுடைய பேராசிரியர் அம்மாள் சுற்றிப் பார்த்துக்கொண்டு அங்கே வந்து நின்றிருக்கிறார்.

"இதுல எந்தப் பல்லுங்க ஐயா குளிர்ச்சி பட்டா வலிக்குது?" என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார்.

கண்டக்டர் பொக்கை வாயோடு, "பாடத்துல அப்படித்தான் வந்துச்சு" என்றாராம்.

பேராசிரியர் அவரை விட்டுவிட்டு நம் பெண்ணின் பக்கம் திரும்பி, "கேள்வியோட சேர்த்துப் பதிலையும் நீயே கொடுத்துடறியா? அதான் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களா?" என்றிருக்கிறார். நம் பெண் கையிலிருந்த பல் செட்டைத் தட்டில் வைத்தாளாம். கண்டக்டர்தான் இரக்கப்பட்டு, "டாக்டரை ஏன் திட்டுறீங்க? வெளிய ஒரு சார் இருக்காரே, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நல்ல சார்" என்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

நான் அப்போது நாள்காட்டி அட்டையை உயர்த்திப் பிடித்து, "குளிர்ச்சி போன பிறகும் வலி நின்னா என்ன அர்த்தம்? எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "கூழு கெட்டுப்போச்சு!" என்று கூடமே ஒரே குரலில் சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பேராசிரியர் அம்மாள். பின்னால் நம் பெண்.

"நீங்க யாரு?"

"ஓய்வு பெற்ற ஆசிரியருங்க."

"அது தெரியுது. இங்க என்ன வேலை?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இல்லை, பல் வலி என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெருமையாக, "டாக்டரோட மாமனார்" என்றேன். அவள் மேல் இருந்த சந்தேகத்துக்கு நானே முத்திரை குத்திக் கொடுத்தேன். "ஓ, குடும்பமாச் சேர்ந்துதான் ஆய்வு நடக்குதா?" என்றார் பேராசிரியர். லாரி ஓட்டுநர் அன்றைக்கும் வந்திருந்தார். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "மேடம், சார் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாரு. இடம் இருக்கு, நீங்களும் உக்காந்து கேளுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நம் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பார்வையில் கோபமே இல்லை.

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார், நீண்ட கதை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது போலும். அவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது என்று தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நம்புறேன். ஏமாத்தணும்னு நினைக்கிறவங்க இவ்வளவு உழைக்க மாட்டாங்க, படமெல்லாம் வரைய மாட்டாங்க" என்றார். நம் பெண்ணின் பெயர் தப்பித்தது. ஆய்வு தப்பவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் வந்தவர்களின் பதில் எதையும் கணக்கில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மாநாட்டில் படிப்பதும் போயிற்று. "இங்கேயே புதுசா ஆரம்பிக்கட்டுமே, நான் இனிமே வாசப் பக்கமே வரமாட்டேன்" என்றேன். "நீங்க வரலன்னா என்ன சார்? வெளிய போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். என்னிடம் பாடம் கேட்ட ஒருவர் புதிதாக வந்தவர்களுக்கு வாடகைக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் கொஞ்சம் தப்பாக. திருத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆகவேதான் என் குரல் எட்டாத ஊராகப் பார்த்து, உங்கள் ஊர் மருத்துவமனையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளை அனுப்பியிருக்கிறார்கள். கொடுத்திருக்கிற கெடு மிகக் குறைவு. இதுவும் தவறினால் இந்த ஆண்டு அவளால் படிப்பை முடிக்க முடியாது.

அவள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "பரவால்ல மாமா" என்றாள். ஒரு துண்டை மடித்து வைத்தாள். பிறகு, "ஒண்ணு சொல்லட்டுமா மாமா? தையல் வேலை பார்க்கிற ஒரு அம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எதைக் கேட்டாலும் "ஒண்ணும் தெரியல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். மெல்ல மெல்லப் பழக்கி, குளிர்ச்சி பட்டால் வலிக்கும், கையைத் தூக்க வேண்டும் என்று சொல்ல வைத்தேன். எனக்கு மிகவும் திருப்தி தந்த மாணவி அவர். "அவங்க பஞ்சு வச்ச உடனே கையைத் தூக்கிட்டாங்க மாமா. நல்ல வேளை, எக்ஸ்ரே எடுத்தேன். அந்தப் பல்லு எப்பவோ செத்துப்போச்சு, வேருக்குக் கீழ சீழ் கட்டியிருக்கு. அவங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல. அதுதான் மாமா சரியான பதில். அந்த 'தெரியல'தான் எங்களுக்கு வேணும்" என்றாள். எக்ஸ்ரே இருந்ததால் அந்த அம்மாள் பிழைத்தார், சிகிச்சையும் நடந்தது. எனக்குத்தான் என் பழைய வகுப்புகள் ஞாபகம் வந்தன. எத்தனை வகுப்புகள், எத்தனை பிள்ளைகள். "தெரியல" என்ற பதிலுக்கு நான் ஒரு நாளும் மதிப்பெண் போட்டதில்லை. அப்படிச் சொன்னவர்களை உட்காரவும் விட்டதில்லை. அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

சம்பந்தி, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். நம் பெண் வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிடுவாள், பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கொண்டுபோகிறவர் கொடுத்துவிட்டு உடனே திரும்புகிறவராக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுங்கள். நேரில் நான் கேட்டது பாதி மன்னிப்புத்தான், மீதி இதில் இருக்கிறது. இனி எந்தக் காத்திருக்கும் கூடத்திலும், எந்த வரிசையிலும், யாருக்கும் எதையும் விளக்கமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். எடுத்துக்காட்டுச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். என் மனைவி இதை நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

தங்களுக்கும் சம்பந்தியம்மாள் அவர்களுக்கும் எங்கள் இருவரின் அன்பும் வணக்கமும். நம் பெண்ணின் ஆய்வு நல்லபடியாக முடிய என் மனப்பூர்வமான ஆசிகள். என் ஆசி தூரத்திலிருந்தே அவளுக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் இடும் நேரத்தில் சம்பந்தியம்மாள் அவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். "அண்ணா, உங்க மருமகளுக்கு இங்க நோயாளிங்க போதலையாம். நான் தெருவுல வீடு வீடாப் போய் ஆள் சேர்த்துட்டேன். எல்லாரும் நம்ம வீட்டுலதான் உக்காந்திருக்காங்க. எத்தனை பேருக்குப் பல்லு வலி தெரியுமாண்ணா! ஆனா ஒருத்திக்கும் என்ன செய்யுதுன்னு சொல்லத் தெரியல. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்" என்றார்கள். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். "தெரியலன்னு சொல்றதும் சரியான பதில்தான்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அது எப்படிச் சரியாகும் என்று யாரோ ஒரு பெண்மணி கேட்டார். நல்ல கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் அதை விளக்க முடியாது, நீங்களே சொல்லுங்கள். முடிவில் நான் கேட்டுப் பார்த்ததில் எல்லோரும் ஒரே குரலில், மிக அழகாக, "தெரியல" என்று சொன்னார்கள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து நம் பெண்ணிடம் காட்ட வேண்டாம். நிலைமையைச் சொல்லி அவர்களைத் தடுத்து நிறுத்தலாம் என்று உடனே உங்கள் வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது.